என் வீட்டு மின்சாரம் கூட்டுறவுச் சங்கத்துடையது. அதை யார் தட்டிக் கேட்பது?

கேள்வி இது: "டெக்சாஸில் ஆஸ்டினுக்கு வடக்கே லியாண்டரில் வீடு வாங்கியிருக்கிறேன். மின்சாரம் பெடர்னாலஸ் எலெக்ட்ரிக் கோஆப்பரேட்டிவ் என்ற கூட்டுறவிலிருந்து வருகிறது. டாலஸில் இருந்தபோது விலை கட்டுப்படியாகாவிட்டால் வேறு கம்பெனிக்கு மாறிவிடுவேன். இங்கே மாற முடியாதாம். நான் வெறும் வாடிக்கையாளர் இல்லை, உறுப்பினர், உரிமையாளர் என்கிறார்கள். கட்டணத்தை ஏற்றினால் எந்த ஆணையத்தில் முறையிடுவது? இந்த 'உரிமையாளர்' என்பதற்குச் சட்டத்தில் ஏதாவது அர்த்தம் உண்டா?"

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: முறையிட ஆணையம் கிடையாது. இரண்டாவதற்கு: அர்த்தம் உண்டு, ஆனால் அது தானாக வேலை செய்யாது. விரிவாகச் சொல்கிறேன். நான் வழக்கறிஞன் இல்லை. மின்கட்டணம், ஒழுங்குமுறை சார்ந்த விஷயங்களைப் பல வருடங்களாகப் பின்தொடர்பவன், அவ்வளவுதான்.

டெக்சாஸில் பொதுப் பயன்பாட்டு ஆணையம் 1975-ல் வந்தது. 1999-ல் நிறைவேறிய செனட் மசோதா 7, சில்லறை மின்சார விற்பனையைப் போட்டிக்குத் திறந்துவிட்டது. 2002 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. டாலஸில் நீங்கள் கம்பெனி மாற்றிக்கொண்டது அதனால்தான். ஆனால் அதே சட்டம் கூட்டுறவுகளுக்கும் நகராட்சி மின்வாரியங்களுக்கும் ஒரு சலுகை தந்தது. போட்டிக்கு வருவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யலாம். கார்பஸ் கிறிஸ்டி பக்கத்து நியூயேசஸ் கூட்டுறவு வந்தது. மற்ற கூட்டுறவுகள் ஏறக்குறைய எல்லாமே 'எங்களுக்கு வேண்டாம்' என்று ஒதுங்கிக்கொண்டன. அவற்றின் எல்லைக்குள் இருப்பவருக்கு வேறு கடை கிடையாது. எந்தப் பகுதி யாருக்கு என்ற எல்லை வரைபடமும், உயரழுத்தக் கம்பிவழியை மற்றவர் பயன்படுத்துவதற்கான கட்டணமும் ஆணையத்தின் கையில் இருக்கின்றன. உங்கள் வீட்டு பில்லில் யூனிட்டுக்கு எத்தனை சென்ட் என்பது அதன் கையில் இல்லை. அதை முடிவு செய்வது கூட்டுறவின் இயக்குநர் குழு.

நம் ஊரிலிருந்து வருபவருக்கு இது விசித்திரமாக இருக்கும். தமிழ்நாட்டில் ஈபி கட்டணம் ஏறினால் ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக்கேட்புக் கூட்டம் போடும், யாராவது எழுந்து கத்துவார்கள், செய்தித்தாளில் வரும். அமெரிக்காவிலும் தனியார் மின்நிறுவனம் கட்டணத்தை ஏற்ற ஆணையத்தில் மனு போட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். கூட்டுறவுக்கு ஏன் விலக்கு? சட்டத்தின் தர்க்கம் இப்படிப் போகிறது: தனியார் நிறுவனத்தில் லாபம் பார்ப்பவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர், ஆகவே நடுவே ஒரு நடுவர் வேண்டும். கூட்டுறவில் இருவரும் ஒரே ஆள். தன் சட்டைப் பையிலிருந்து தானே திருடிக்கொள்பவர் யார்? கென்டக்கி, அரிசோனா போன்ற சில மாநிலங்கள் இந்த வாதத்தை முழுசாக ஏற்கவில்லை. அங்கே கூட்டுறவுக் கட்டணமும் ஆணையத்தின் முன் வரவேண்டும். டெக்சாஸ் உட்படப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன.

மத்திய அரசும் இதே போக்குதான். மாநிலங்களுக்கிடையிலான மொத்த விலை மின்சாரத்தை ஃபெர்க் என்ற மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பார்க்கிறது. 1967-ல் டெய்ரிலேண்ட் கூட்டுறவு பற்றிய வழக்கில், ஃபெர்க்கின் முன்னோடியான மத்திய மின் ஆணையம், அரசின் ஊரக மின்மயக் கடனில் நடக்கும் கூட்டுறவுகள் தன் வரம்புக்குள் வராது என்றது. கடன் கொடுத்த அரசு அலுவலகமே கண்காணிக்கிறது, உறுப்பினரும் கண்காணிக்கிறார்கள், இன்னொருவர் எதற்கு என்பது காரணம். 2005-ன் எரிசக்திக் கொள்கைச் சட்டம் அந்த விலக்கை எழுத்திலேயே உறுதிப்படுத்தியது.

இந்தக் கடன் கதை இல்லாமல் மீதி புரியாது. 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றில்தான் விளக்கு எரிந்தது. மைலுக்கு இரண்டு வீடு உள்ள இடத்தில் கம்பி இழுக்கத் தனியார் கம்பெனிகள் தயாராக இல்லை. 1935-ல் அதிபர் ரூஸ்வெல்ட் ஊரக மின்மய நிர்வாகத்தைத் தொடங்கினார், 1936-ல் அதற்கான சட்டம் வந்தது, விவசாயிகளே சங்கம் கட்டிக் குறைந்த வட்டியில் கடன் வாங்கினார்கள். உங்கள் பெடர்னாலஸ் 1938-ல் பிறந்தது. மைலுக்கு மூன்று வீடு வேண்டும் என்ற நிபந்தனைக்கு அந்தக் குன்றுப்பகுதி எட்டவில்லை. அப்போது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இளம் உறுப்பினராக இருந்த லிண்டன் ஜான்சன் நேரே ரூஸ்வெல்ட்டிடமே போய்க் காரியத்தை முடித்தார். மைலுக்கு மூன்று வீடு தேறாத அந்தச் சங்கம் இன்று 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மீட்டர்களோடு அமெரிக்காவின் மிகப் பெரிய மின் கூட்டுறவு. நாடு முழுக்க இப்படி ஏறக்குறைய 900 சங்கங்கள். சுமார் 4.2 கோடிப் பேருக்கு மின்சாரம் தருகின்றன, நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் அவற்றின் எல்லைதான்.

(இந்த மாதிரியை நம் நாட்டிலும் அமெரிக்க உதவியோடு நட்டுப் பார்த்தார்கள். 1969-ல் ஊரக மின்மயக் கழகம் தொடங்கிய பிறகு கர்நாடகத்தில் ஹுக்கேரி, இன்றைய தெலங்கானாவில் சிர்சில்லா, மகாராஷ்டிரத்தில் முலா பிரவரா உட்பட ஐந்து இடங்களில் முன்னோட்டச் சங்கங்கள் வந்தன. ஹுக்கேரியும் சிர்சில்லாவும் இன்னும் ஓடுகின்றன. முலா பிரவரா, மாநில மின்நிறுவனத்துக்குத் தரவேண்டிய பாக்கி மலைபோல் ஏறிய நிலையில், 2011-ல் தன் விநியோகப் பகுதியையே இழந்தது. ஐந்தில் தமிழ்நாடு இல்லை, அதனால்தான் நமக்கு இது புதுசாகப் படுகிறது.)

சரி, நடுவர் இல்லை, உறுப்பினரின் ஓட்டுதான் நடுவர். அந்த ஓட்டு செத்துப்போனால்? அதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம், உங்கள் சங்கமே இருக்கிறது. 2007-ல் பெடர்னாலஸ் உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து தங்கள் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். இயக்குநர் தேர்தலில் யார் நிற்கலாம் என்று முடிவு செய்த நியமனக் குழுவை இயக்குநர் குழுவே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. வராதவர்களின் பதிலி ஓட்டுகளும் இயக்குநர்கள் பக்கமே போய்ச் சேர்ந்தன. 'ஏகமனதாகத் தேர்வு' என்ற தலைப்பை நம் ஊர்க் கூட்டுறவுச் செய்திகளில் படித்துப் பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 2008-ல் சமரசம் ஏற்பட்டது. பழைய பொது மேலாளர் பதவி விலகினார், தேர்தல் முறை மாறியது, கணக்குகளும் கூட்டங்களும் உறுப்பினருக்குத் திறந்துவிடப்பட்டன. அந்தப் பொது மேலாளர் சங்கப் பணத்தைத் தனக்கு வேண்டியவர்களுக்குத் திருப்பிவிட்டார் என்ற குற்றத்துக்காக 2010 டிசம்பரில் ஜூரி அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. கவனியுங்கள், எழுபது வருடம் ஓடிய சங்கத்தை எந்த ஒழுங்குமுறை ஆணையமும் தட்டிக் கேட்கவில்லை. கேட்டவர்கள் பில் கட்டிய உறுப்பினர்களும் உள்ளூர்ச் செய்தியாளர்களும்தான். ஆணையம் செய்ய வேண்டியதை அதன்பின் நீதிமன்றம் செய்தது.

இப்போது அங்கே 7 மாவட்டங்கள், மாவட்டத்துக்கு ஓர் இயக்குநர், பதவிக்காலம் 3 ஆண்டு. நீங்கள் இணைப்பு வாங்கும்போது ஒப்புக்கொண்ட துணைவிதிகள்தான் உங்களுக்கும் சங்கத்துக்கும் நடுவே உள்ள ஒப்பந்தம். நாளை வழக்கு என்று வந்தால் நீதிபதி முதலில் திறப்பது அந்தப் புத்தகத்தைத்தான். கட்டணம் அதிகம் என்று மட்டும் சொல்லிப் போனால் பொதுவாக நிற்காது, இயக்குநர்கள் நல்லெண்ணத்தோடு எடுத்த வணிக முடிவுக்குள் நீதிமன்றம் தலையிடத் தயங்கும். துணைவிதியை மீறினார்கள், ஓட்டுரிமையைப் பறித்தார்கள், பணத்தைத் தவறாகக் கையாண்டார்கள் என்றால்தான் கதவு திறக்கும்.

இன்னொரு கண்காணிப்பாளர் உண்டு, யாரும் எதிர்பார்க்காதவர்: வருமான வரித்துறை. வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(12) பிரிவு மின் கூட்டுறவுகளுக்கு வரிவிலக்குத் தருகிறது. நிபந்தனை, வருமானத்தில் 85 விழுக்காடாவது உறுப்பினரிடமிருந்து வந்திருக்க வேண்டும். இதைத் தவிர, 1965-ல் ஒரு வரி நீதிமன்றத் தீர்ப்பு கூட்டுறவுக்கு மூன்று அடையாளங்களை வகுத்தது. முதல் போட்டவருக்கு அல்லாமல் பயன்படுத்துபவருக்கே முன்னுரிமை, ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற ஜனநாயகக் கட்டுப்பாடு, அடக்க விலையில் நடத்துதல். ஆக, ஜனநாயகம் என்பது சுவரில் மாட்டிவைக்கும் வாசகமாக மட்டும் இருக்க முடியாது. வரிவிலக்கே அதில் தொங்குகிறது.

இந்த 85 விழுக்காட்டுக் கணக்கு எவ்வளவு கூர்மையான கத்தி என்பதற்கு ஒரு சம்பவம். 2017-ன் வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் எங்கோ ஒரு மூலையில் செய்த திருத்தத்தால், அரசு தரும் மானியம் 'உறுப்பினர் அல்லாதவரிடமிருந்து வந்த வருமானம்' என்று எண்ணப்படும் நிலை வந்தது. புயலில் கம்பம் சாய்ந்து பேரிடர் நிதி வாங்கினாலோ, கிராமத்துக்கு இணையம் கொண்டுபோக மானியம் வாங்கினாலோ வரிவிலக்கு போய்விடும் அபாயம். மானியத்தை வாங்குவதா வேண்டாமா என்று சங்கங்கள் கையைப் பிசைந்தன. 2019 டிசம்பரில் காங்கிரஸ் இன்னொரு சட்டம் போட்டுத்தான் அதைச் சரிசெய்தது.

அடக்க விலை என்றேன் அல்லவா, உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது அதுதான். ஆண்டு முடிவில் செலவு போக மிஞ்சியது லாபம் அல்ல, உறுப்பினரின் பணம். பால் சொசைட்டியில் ஊற்றிய பாலுக்கு ஏற்ப போனஸ் கிடைப்பதைப் போல, நீங்கள் வாங்கிய மின்சாரத்துக்கு ஏற்ப உங்கள் பெயரில் ஒரு தொகை எழுதப்படும். இதைக் கேபிடல் கிரெடிட் என்பார்கள். பால் சொசைட்டிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு: அங்கே தீபாவளிக்குக் கையில் காசு. இங்கே எழுதிவைப்பதோடு சரி, காசாகத் திருப்பித் தருவது பல சங்கங்களில் இருபது, முப்பது வருடம் கழித்துத்தான். அதுவரை அந்தப் பணம் கம்பமும் டிரான்ஸ்ஃபார்மருமாக நிற்கும். வட்டி கிடையாது.

இதில் வழக்குகள் ஏராளம். அலபாமாவில் ஒரு கூட்டுறவின் உறுப்பினர்கள் 'மிச்சப் பணத்தைத் திருப்பித் தரச் சட்டம் சொல்கிறது, நீங்கள் தரவில்லை' என்று மாநில நீதிமன்றத்துக்குப் போனார்கள். சங்கமோ, நாங்கள் மத்திய அரசின் கடனில் நடப்பவர்கள், எவ்வளவு திருப்பித் தரலாம் என்பதற்கு அந்தக் கடன் நிபந்தனை போடுகிறது, ஆகவே வழக்கு மத்திய நீதிமன்றத்துக்குத்தான் வரவேண்டும் என்றது. 2017-ல் 11-வது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. கடன் நிபந்தனை உண்மையானதுதான். சொந்த முதல் ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும்போது பணத்தை வாரி வழங்கக் கூடாது என்று கடன் கொடுத்தவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாக் கேள்விக்கும் அதையே கேடயமாகத் தூக்கும் இயக்குநர் குழுக்களும் உண்டு என்பது என் எண்ணம்.

இதுவரை சொன்னது உங்கள் சங்கத்தின் உள்விவகாரம். பெரிய பணம் புரள்வது அதற்கு மேலே. விநியோகக் கூட்டுறவுகள் பலவும் சேர்ந்து, மின்சாரம் உற்பத்தி செய்யவும் வாங்கவும் இன்னொரு பெரிய கூட்டுறவை வைத்திருக்கும். கூட்டுறவுகளின் கூட்டுறவு. பெடர்னாலஸுக்கு அப்படி ஒன்று இல்லை. அது எல்சிஆர்ஏ என்ற ஆற்றுவாரியத்திடம் நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்குகிறது. ஆனால் டாலஸ் அருகே ஃபிரிஸ்கோ பக்கம் உங்கள் நண்பர்கள் இருந்தால் அவர்களில் சிலருக்குக் கோசர்வ் என்ற கூட்டுறவின் மின்சாரம் வரும். கோசர்வுக்கும் இன்னும் 15 சங்கங்களுக்கும் மின்சாரம் கொடுத்துவந்தது பிராசோஸ் கூட்டுறவு.

2021 பிப்ரவரிப் பனிப்புயல் வந்தபோது இங்கே இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். மின்சாரம் தட்டுப்பட்டபோது ஆணையத்தின் உத்தரவுப்படி மொத்த விலை மெகாவாட்-மணிக்கு 9,000 டாலரில், அதாவது யூனிட்டுக்கு 9 டாலரில், ஏறக்குறைய நாலு நாள் நிறுத்திவைக்கப்பட்டது. சாதாரண நாளில் அது சில சென்ட். டெக்சாஸின் மின்கட்டமைப்பையும் மொத்தச் சந்தையையும் நடத்தும் எர்காட் என்ற அமைப்பிலிருந்து பிராசோஸுக்கு வந்த ஏழு நாள் பில் 210 கோடி டாலருக்கும் மேல். அதற்கு முந்தைய 2020-ஆம் ஆண்டு முழுவதற்கும் அவர்களின் மின்செலவு சுமார் 77 கோடிதான். இந்தச் சுமையை வீடுகளின் பில்லில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லி 2021 மார்ச் 1-ல் பிராசோஸ் திவால் மனு போட்டது. 2022 கடைசியில் தீர்வு வந்தது: பிராசோஸ் தன் மின்நிலையங்களை விற்றுவிட்டு உற்பத்தித் தொழிலிலிருந்தே விலகுவது, எர்காட்டுக்கு ஒரு பகுதியை உடனே, மீதியைப் பன்னிரண்டு வருடத்தில் கட்டுவது. அதே புயலில் மாட்டிய ரேபர்ன் கண்ட்ரி கூட்டுறவு வேறு வழி எடுத்தது. 2021-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைப் பயன்படுத்தி, புயல் செலவைக் கடன்பத்திரமாக மாற்றிப் பல வருடங்களுக்குப் பரப்பியது. இரண்டு வழியிலும் கடைசியில் கட்டுவது உறுப்பினர்தான், வேகம் மட்டுமே வேறு.

அந்த 9,000 டாலர் உத்தரவு சட்டப்படி செல்லுமா? 2023 மார்ச்சில் ஆஸ்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையம் வரம்பு மீறிவிட்டது என்றது. 2024 ஜூனில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கி, உத்தரவு செல்லும் என்றது. இடையில் 2023-ல் எர்காட்டுக்கு அரசைப் போன்ற சட்டப் பாதுகாப்பு உண்டு, அதன்மேல் சாதாரணமாக வழக்குப் போட முடியாது என்றும் அதே உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. எர்காட் மேல் வழக்குப் போடலாம் என்று நம்பி நீதிமன்ற வாசலில் நின்றவர்களுக்கு அத்தோடு கதவு மூடியது.

விலகிப் போய்விடலாமே என்று கேட்பீர்கள். உறுப்பினர் வீடு மாறலாம்; சங்கம் தன் மேல்நிலைக் கூட்டுறவை விட்டு விலகுவதுதான் இன்று இத்துறையின் மிகச் சூடான வழக்கு. இடம் கொலராடோ. ட்ரை-ஸ்டேட் என்ற பெரிய உற்பத்திக் கூட்டுறவின் உறுப்பினர் சங்கங்கள், தேவையில் 95 விழுக்காட்டை அதனிடமே வாங்குவதாக ஒப்பந்தம் போட்டிருந்தன, பெரும்பாலானவை 2050 வரை. சூரிய, காற்று மின்சாரம் மலிவானதும் இது காலில் கட்டிய கல்லாகத் தெரிந்தது. நியூ மெக்சிகோவின் டாவோஸில் உள்ள கிட் கார்சன் கூட்டுறவு 2016-ல் 3.7 கோடி டாலர் கட்டி வெளியேறியது. கொலராடோவின் டெல்டா-மான்ட்ரோஸ் கூட்டுறவு 2020-ல் வெளியேறியது. மற்றவர்கள், 'நியாயமான விலகல் தொகை எவ்வளவு?' என்று கொலராடோ ஆணையத்திடம் போனார்கள். மாநில ஆணையம் இப்படிப்பட்ட மொத்த விலைக் கூட்டுறவை ஒழுங்குபடுத்தலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1983-ல் ஆர்கன்சாஸ் வழக்கில் சொல்லியிருந்ததால் நம்பிக்கையோடுதான் போனார்கள்.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த சட்டத் தந்திரம். 2005 சட்டத்தின் விலக்கு, உரிமையாளர் எல்லோரும் விலக்குப் பெற்றவர்களாக இருக்கும்வரைதான். ஆகவே ட்ரை-ஸ்டேட் 2019 செப்டம்பரில் ஓர் இயற்கை எரிவாயு வியாபார நிறுவனத்தை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்த நிமிடமே விலக்கு போனது. மத்திய ஆணையமான ஃபெர்க்கின் வரம்புக்குள் தானே நடந்து போனது. அரை நூற்றாண்டாக 'எங்களை ஒழுங்குபடுத்தாதீர்கள்' என்று சொல்லிவந்த துறையில் ஒருவர், மாநில ஆணையத்திடமிருந்து தப்ப மத்திய ஆணையத்தின் கதவைத் தட்டினார். விலகல் தொகை இனி எங்கள் விஷயம் என்று 2020-ல் ஃபெர்க்கும் ஒத்துக்கொண்டது. ஆனால் 2023 டிசம்பரில் அது வகுத்த கணக்கீட்டு முறை ட்ரை-ஸ்டேட் விரும்பியதல்ல; விலகுபவர் கூட்டுறவின் கடனில் தன் பங்கைக் கட்டினால் போதும் என்ற போக்கில் அமைந்தது. 2024 மே 1-ல் கொலராடோவின் யுனைடெட் பவர் கூட்டுறவு சுமார் 62.7 கோடி டாலர் கட்டி வெளியேறியது. யார் பக்கம் நியாயம்? தயக்கத்தோடுதான் சொல்கிறேன்: இருவர் பக்கமும். விலகுபவர் தன் பங்குக் கடனைக் கட்டாவிட்டால் அது மிஞ்சியிருக்கும் ஏழைச் சங்கங்களின் தலையில் விழும். அதற்காக 2050 வரை யாரையும் கட்டிப்போடுவதும் கூட்டுறவுக்கு அழகில்லை.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. உங்கள் தோட்டத்தின் ஓரமாகப் போகும் கம்பியில் சங்கம் இணைய ஃபைபரைத் தொங்கவிடலாமா? மிசௌரியில் ஷோ-மீ பவர் கூட்டுறவு அப்படிச் செய்து ஃபைபர் வியாபாரம் நடத்தியது. எங்கள் நிலத்தின் வழியே கம்பி கொண்டுபோகும் வழியுரிமை மின்சாரத்துக்காக மட்டுமே தரப்பட்டது என்று நில உரிமையாளர்கள் வழக்குப் போட, 2015-ல் ஜூரி 7.9 கோடி டாலர் விதித்தது. 2017-ல் மேல்முறையீட்டில் அந்தத் தொகை ரத்தானாலும் அத்துமீறல் என்ற முடிவு நின்றது. பயந்துபோன மாநிலங்கள் சட்டத்தைத் திருத்தின. டெக்சாஸ் 2019-லேயே கூட்டுறவுகள் தங்கள் மின் வழியுரிமையை இணையத்துக்கும் பயன்படுத்தலாம் என்று வழி செய்துவிட்டது. அப்புறம், கூரையில் சோலார் போட நினைத்தால்: விற்ற யூனிட்டுக்கும் வாங்கிய யூனிட்டுக்கும் ஒரே விலை தரவேண்டும் என்ற கட்டாயம் டெக்சாஸில் இல்லை. 1978-ன் மத்தியச் சட்டப்படி உங்கள் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆனால் தங்களுக்கு மிச்சமாகும் செலவின் அளவுக்குக் கொடுத்தால் போதும். கான்ட்ராக்டர் காட்டும் வண்ணத் தாளை நம்பிக் கையெழுத்துப் போடாமல் சங்கத்தின் அன்றைய கட்டண அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

உடனடியாகச் செய்யக்கூடியவை? சங்கத்தின் இணையதளத்தில் துணைவிதிகளை இறக்கிப் படியுங்கள், குறிப்பாகத் தேர்தலும் கேபிடல் கிரெடிட்டும் பற்றிய பகுதிகளை. உங்கள் மாவட்ட இயக்குநர் யார் என்று பாருங்கள், கட்டண மாற்றம் பேசப்படும் கூட்டத்துக்கு எழுதுங்கள் அல்லது நேரில் போங்கள். ஓட்டுச்சீட்டு வந்தால் குப்பையில் போடாதீர்கள்; பல கூட்டுறவுகளில் ஓட்டுப் போடுபவர்கள் அவ்வளவு குறைவு, உங்கள் தெருக்காரர்கள் மட்டும் சேர்ந்தாலே எண்ணிக்கையில் தெரியும். நாளை லியாண்டர் வீட்டை விற்றுவிட்டு வேறு மாநிலத்துக்குப் போனாலும் கேபிடல் கிரெடிட் உங்களுடையதே. விலகிய உறுப்பினரின் பங்கைச் சங்கம் பறிக்கக் கூடாது என்பதும் அந்த வரிவிலக்கு நிபந்தனைகளில் ஒன்று. ஆகவே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி ஃபோன் செய்யும் அன்றே புது முகவரியையும் கொடுத்துவிடுங்கள். இருபது வருடம் கழித்து வரும் காசோலை, பழைய வீட்டில் குடியிருப்பவரின் தபால் பெட்டிக்குப் போய்த் திரும்பி வரும் கதை இங்கே அடிக்கடி நடக்கிறது.